லெம்பா பூஜாங் போவோம், ஆனால் எப்படிப் போவோம்?



வரும் பள்ளி விடுமுறைக்கு ஆலயச் சுற்றுலா எங்கே போகலாம் என்று நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரமா பேச்சு ஓடுது. தொண்டர்கள் நாங்கள் சொன்ன இடம், கெடாவில் மெர்போக் பக்கம் இருக்கும் லெம்பா பூஜாங். கூடவே தஞ்சோங் டாவாய், பந்தாய் மெர்டேக்கா கடற்கரை. பிறையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் சொச்சம்தான்.

வந்த பதில்கள் மூன்று விதம். "மூர்த்தி இல்லாத இடத்துக்கு எதுக்குப் போகணும்?" என்று ஒரு தரப்பு. "போனா சூடம் ஏத்தி, தேங்காய் உடைச்சு, அபிஷேகம் பண்ணிட்டுத்தான் வரணும்" என்று இன்னொரு தரப்பு. "பிள்ளைங்களுக்கு போரடிக்கும், கேமரன் மலைக்கே போயிடலாம்" என்று மூன்றாவது தரப்பு. எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுறோம். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

முதலில், அங்கே என்னதான் இருக்கு?

ஜெராய் மலை 1,217 மீட்டர் உயரம். சுற்றிலும் வயல்வெளியும் கடலும் என்பதால் அது தூரத்திலிருந்தே தெரியும். வங்கக் கடலைத் தாண்டி வந்த கப்பல்காரர்களுக்கு அந்த மலைதான் அடையாளம். காற்று திசை மாறும்வரை மெர்போக் ஆற்று முகத்தில் தங்குவார்கள், வியாபாரம் பண்ணுவார்கள், திரும்பிப் போவார்கள். பெங்காலான் பூஜாங்கில் தோண்டியபோது சீனப் பீங்கான், மத்திய கிழக்குக் கண்ணாடி, மணிகள் எல்லாம் கிடைத்தன. செமிலிங் போகிற வழியில் சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தினர் அகழாய்வு செய்து, இரும்பு உருக்கிய இடங்களையும் படகுத்துறைக் கட்டுமானங்களையும் வெளியே கொண்டு வந்தார்கள். அதாவது அது ஒரு துறைமுகம், ஒரு தொழிற்பேட்டை. நம்ம பிறை மாதிரின்னு வச்சுக்கோங்க!

மெர்போக் அருங்காட்சியகம் 1980-இல் திறந்தது. அதன் பக்கத்திலேயே, ஓடைக்கரையில் இருப்பது சண்டி புக்கிட் பத்து பாகாட். 1936, 1937-இல் குவாரிட்ச் வேல்ஸ் என்பவர் இந்த வட்டாரத்தில் அகழாய்வு செய்தார். 1959, 1960-இல் அலெஸ்டர் லாம்ப் இந்தக் கோயிலின் கற்களை எடுத்து மறுபடி அடுக்கி நிறுத்தினார். கர்ப்பக்கிரகம் இருந்த மேடை ஒரு பக்கம், அதற்கு முன்னால் நீளமான மண்டபம். தூண் நின்ற கல் பீடங்களை இன்றைக்கும் பார்க்கலாம். மேலே இருந்தது மரமும் ஓலையும் என்பதால் அதெல்லாம் மக்கிப் போய்விட்டது.

இப்போ முதல் கேள்விக்கு வருவோம். மூர்த்தி இல்லாத இடத்துக்கு எதுக்கு?

அந்தக் கோயிலைத் திரும்பக் கட்டும்போது அடியில் சிறு கல் பேழைகள் கிடைத்தன. உள்ளே செம்புப் பாத்திரமும் பொன், மணித் துண்டுகளும் இருந்தன. நம் கும்பாபிஷேகத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். மூர்த்தியை நிறுத்துவதற்கு முன்னால் ஐயர் அடியில் என்ன வைக்கிறார்? நவரத்தினம், பொன், யந்திரத் தகடு. நீங்களும்தானே வரிசையில் நின்று ஒரு சின்னப் பொன் துண்டு போட்டீங்க! அதே நம்பிக்கையோடு, நமக்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்னால், அதே மலையடிவாரத்தில் ஒருவர் குனிந்து வைத்திருக்கிறார். அவர் யார், என்ன பேர், எதுவும் நமக்குத் தெரியாது. ஆனால் அவர் செய்தது நமக்குத் தெரிந்த காரியம். இதைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேறு எந்த மூர்த்தி வேணும்?

அடுத்தது சூடம், தேங்காய் விஷயம்.

பக்தியில் கேட்கிறீங்க, புரியுது. ஆனால் வேண்டாம். அங்குள்ள கல், செங்கல், செம்புரைக்கல் எல்லாம் எண்ணெயையும் குங்குமத்தையும் உறிஞ்சும். சூடப் புகை கரியாகப் படியும். கழுவினால் கல்லும் சேர்ந்து தேயும். இன்னொரு காரணமும் இருக்கு. நம்மில் பாதிப் பேர் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்கள். ஒரு விபத்து நடந்தால் விசாரணை முடியும்வரை அந்த இடத்தில் ஒரு நட்டைக்கூட யாரும் நகர்த்தக்கூடாது, இல்லையா? ஏன்னா கிடக்கிற பொருள் எங்கே, எப்படிக் கிடக்குது என்பதுதான் சாட்சி. தொல்பொருள் இடமும் அப்படித்தான். அங்கே ஒவ்வொரு கல்லும் சாட்சி. நாம் ஒரு கல்லை எடுத்து நிமிர்த்தி வைத்துப் பூ போட்டால், அந்தச் சாட்சியை நாமே கெடுத்தவர்கள் ஆவோம். நினைவுக்கு ஒரு துண்டுக் கல்லைப் பையில் போட்டுக்கொண்டு வருவதும் அதே தப்புதான்.

கைகூப்பி நின்று, மனசுக்குள் ஒரு பதிகம் சொன்னால் போதும். சுவாமிக்கு அது கேட்கும்.

இன்னொன்றும் மனம் விட்டுப் பேசணும். குழுவில் வருகிற காணொளிகளில், இதையெல்லாம் ராஜேந்திர சோழன் வந்து கட்டினான், இது முழுக்க நமக்கே சொந்தம் என்று முழக்கம் போடுறாங்க. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. ராஜேந்திரனின் படை கடாரத்துக்கு வந்தது 1025-இல். அது படையெடுப்பு. அதற்கு ஏறக்குறைய 20 வருஷம் முன்னால், கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் எழுப்ப, அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே ராஜராஜ சோழன் மானியமாகக் கொடுத்தார். அந்தச் செப்பேடு இன்றும் லைடன் செப்பேடு என்ற பெயரில் இருக்கு. அப்பா காலத்தில் நட்பு, மகன் காலத்தில் போர். அதற்கும் பல நூறு வருஷம் முன்னாலேயே இங்கே வணிகர்கள் வந்து போயிருக்கிறார்கள். பட்டினப்பாலையில் வரும் காழகத்துக்கு, கடாரம் என்றுதான் பழைய உரைகாரர் பொருள் எழுதினார்.

லெம்பா பூஜாங்கில் சிவ வழிபாட்டுச் சின்னமும் உண்டு, பௌத்தச் சின்னமும் உண்டு. வந்தவர்களும் இந்த மண்ணில் பிறந்தவர்களும் சேர்ந்து உண்டாக்கியது அது. இன்றைக்கு அதைத் தோண்டி, துடைத்து, எண் போட்டு வைப்பவர்களில் நிறைய பேர் மலாய் ஆய்வாளர்கள். அதனால் பெருமைப்படுவோம், தாராளமா. ஆனால் அந்த ஊருக்குப் பட்டா போட வந்தவர்கள் மாதிரி போய் நிற்க வேண்டாம். விருந்தாளியாகப் போவோம். காவலுக்கு நிற்கும் பக்சிக்குச் சலாம் சொல்வோம், கம்பத்துக்காரர்கள் கடையில் தேத்தண்ணி குடிப்போம். நம்மைப் பார்த்துத்தான் நம் சமயத்தையும் எடை போடுவாங்க.

சரி, இவ்வளவு கட்டுப்பாடு என்றால் போகாமலே இருந்துவிடலாமே என்று கேட்பீங்க. அங்கேதான் விஷயம் இருக்கு.

2013-இல் என்ன நடந்தது என்று எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கு? 11-ஆம் எண் சண்டி. ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழமையானது. அது தனியார் நிலத்தில் இருந்தது, அரசிதழில் பதிவாகவில்லை. வீடமைப்புக்காக நிலத்தைச் சமன்படுத்தியபோது மண்வாரி இயந்திரம் அதையும் சேர்த்து வழித்துவிட்டது. செய்தி வெளியே வந்தபோது அங்கே வெறும் மண்தான் இருந்தது. நாடே கொதித்தது. நம்ம ஆட்களும் கொதித்தார்கள். ஆனால் அதற்கு முந்தின வருஷம் நம்மில் எத்தனை பேர் அந்தக் கோயிலுக்குப் போயிருந்தோம்? எத்தனை ஆலய பஸ் அந்தப் பக்கம் திரும்பியது?

குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. ஆள் போகாத இடத்துக்கு எதுவும் நடக்கலாம். மாதம் ஒரு பஸ் வருகிற இடம் என்றால் வழி தெரியும், பலகை இருக்கும், பக்கத்துக் கடைக்காரர் கவனிப்பார், ஒரு கல் விழுந்தாலும் யாராவது படம் எடுத்துக் கேள்வி கேட்பாங்க. பத்திரிகை அறிக்கையும் கண்டனக் கூட்டமும் இடிந்த பிறகு வருவது. வருஷா வருஷம் போய்ப் பார்ப்பதுதான் இடியாமல் இருக்க நம்மால் முடிந்த காவல்.

கடைசியா, பிள்ளைகளுக்கு போரடிக்கும் என்ற கவலை. அதற்குத்தான் கடலையும் சேர்த்திருக்கோம். எங்கள் யோசனை இது:

காலை 7 மணிக்கு ஆலயத்தில் பசியாறிவிட்டுக் கிளம்பலாம். முதலில் சுங்கை பத்து. வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிடணும், குடையும் தண்ணீரும் முக்கியம். பிறகு மெர்போக் அருங்காட்சியகமும் சண்டியும். மேலே ஏறிப் போகணும், மூட்டு வலி உள்ள அம்மாமார்களை இளைஞர் பகுதி கைபிடித்து அழைத்துப் போகும். மதியத்துக்கு ஆலய மடப்பள்ளியிலிருந்தே புளி சாதம், தயிர் சாதம். சாப்பிட்ட பொட்டலத்தை பஸ்ஸிலேயே கொண்டு வந்துவிடணும்.

பிறகு தஞ்சோங் டாவாய், மெர்போக் ஆறு கடலில் கலக்கிற மீனவர் ஊர். நெத்திலிக் கருவாட்டுக்குப் பேர் போனது. விரதக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள், வாங்குகிறவர்கள் தயவுசெய்து பஸ்ஸுக்கு அடியில் வையுங்கள்! அங்கிருந்து அக்கரை பந்தாய் மெர்டேக்காவுக்குப் படகில் சில நிமிஷம்தான். பஸ் சுற்றி வந்து அங்கே காத்திருக்கும். படகில் போகும்போது திரும்பி ஜெராய் மலையைப் பாருங்க. அந்தக் காலத்துக் கப்பல்காரர் பார்த்த காட்சி அதுதான். இதைவிடப் பெரிய வரலாற்றுப் பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

திரும்பும் வழியில் கோத்தா கோலா மூடா. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அடிபட்ட ஊர். உடைந்த படகுகளை வைத்து நினைவிடம் அமைத்திருக்கிறார்கள். ஒரு நிமிஷம் அமைதியாக நின்று, போன உயிர்களுக்காகப் பிரார்த்தனை செய்துவிட்டு வீடு திரும்புவோம்.

கேமரன் மலை எங்கேயும் ஓடிப் போகாது. அடுத்த வருஷம் போகலாம். 11-ஆம் எண் சண்டிக்கு அந்த அடுத்த வருஷம் கிடைக்கவில்லை.

வர விருப்பமுள்ளவர்கள் வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் ஆலய அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், கோபப்பட மாட்டோம். திருமுறை வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை.

சிவாய நம.