வரிசை எண் கேட்டால் எரர் வருகிறதா?

ஒவ்வொரு வகுப்பிலும் முதல் மூன்று இடம் பிடித்தவர்களுக்குப் பரிசு. சொல்ல எளிது. இதையே டேட்டாபேஸிடம் கேட்டால், கல்லூரி மாணவர் முதல் ஆபீஸில் ரிப்போர்ட் எடுப்பவர் வரை பலருக்கும் கிடைக்கும் பதில், 'சின்டாக்ஸ் எரர்'. பெரும்பாலும் கீழே உள்ள நான்கில் ஒன்றுதான் காரணமாக இருக்கும்.

1. வெர்ஷன் பழசா?

வரிசை எண் தரும் கட்டளை 'ரோ_நம்பர்'. அதையடுத்து வெற்று அடைப்புக்குறி, பிறகு 'ஓவர்', பிறகு எதன்படி எண் போட வேண்டும் என்பது இன்னோர் அடைப்புக்குறிக்குள். மைஎஸ்க்யூஎல்லில் இந்த வசதி 2018-ல் வெளியான 8.0 வெர்ஷனில்தான் வந்தது. 5.7 வைத்திருந்தால், எவ்வளவு சரியாக எழுதினாலும் எரர்தான். 'ஓவர்' என்பதை நீங்கள் வைத்த பெயர் என்று நினைத்துக்கொண்டு, அடுத்த அடைப்புக்குறியில் அது தடுக்கி விழும். எரர் செய்தியில் 'நியர்' என்பதற்குப் பிறகு அந்த அடைப்புக்குறி தெரிந்தால், முதலில் 'செலக்ட் வெர்ஷன்()' கொடுத்துப் பாருங்கள்.

வெர்ஷனை மாற்ற வழியில்லையா? ஒவ்வொரு மாணவருக்கும், அதே வகுப்பில் அவரைவிட அதிக மார்க் வாங்கியவர்களை எண்ணி, ஒன்றைக் கூட்டுங்கள். ரேங்க் ரெடி!

உங்கள் போனிலும் இதே கதைதான். ஆண்ட்ராய்டில் உள்ள எஸ்க்யூலைட், 3.25 வெர்ஷனிலிருந்துதான் 'ரோ_நம்பர்' அறியும். ஆண்ட்ராய்டு 11-ல் ஓடும் க்வெரி, 10-ல் எரர் தர இதுவே காரணம்.

2. கமாவும் இடமும்

'ஓவர்' அடைப்புக்குறிக்குள் முதலில் 'பார்ட்டிஷன் பை' வகுப்பு, அடுத்து 'ஆர்டர் பை' மார்க். இரண்டுக்கும் நடுவே கமா கூடாது. க்வெரியின் கடைசியில் எழுதும் 'ஆர்டர் பை', பட்டியலைக் காட்டும் வரிசைக்கு மட்டுமே. எண் போடுவதற்குத் தனியாக உள்ளேயும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் எஸ்க்யூஎல் சர்வர் எரர் தரும். மைஎஸ்க்யூஎல் சத்தமில்லாமல் ஏதோ ஒரு வரிசையில் எண் போட்டுவிடும். அதுதான் பெரிய ஆபத்து.

3. 'வேர்' பகுதியில் கேட்காதீர்கள்

'வேர்' வடிகட்டி முடித்த பிறகே எண் போடப்படும். அங்கேயே 'எண் 3 வரை' என்று கேட்பது, டோக்கன் கொடுப்பதற்கு முன்பே டோக்கன் நம்பரைக் கூப்பிடுவது போல. எண் போடும் க்வெரி முழுவதையும் அடைப்புக்குறிக்குள் வைத்து, அதற்கு ஒரு பெயர் கொடுத்து, வெளியிலிருந்து வடிகட்டுங்கள். பெயர் வைக்க மறந்தால் மைஎஸ்க்யூஎல் அதற்கும் ஓர் எரர் தரும்.

4. பெயரில் வில்லங்கம்

8.0-ல் 'ரேங்க்', 'ரோ_நம்பர்' ஆகியவை ஒதுக்கப்பட்ட சொற்கள். 'ரேங்க்' என்ற பெயரில் காலம் வைத்திருந்த பழைய க்வெரி, அப்கிரேடுக்குப் பிறகு திடீரென்று நின்றுபோவது இதனால்தான். வேறு பெயர் வையுங்கள்.

எரர் போனால் போதுமா?

போதாது. மூன்றாம் இடத்தில் இரண்டு பிள்ளைகள் தலா 93 மார்க் என்று வையுங்கள். 'ரோ_நம்பர்' ஒருவருக்கு 3, மற்றவருக்கு 4 என்று போடும். யாருக்கு எது என்பதற்கு எந்த நியாயமும் கிடையாது; அடுத்த முறை ஓட்டினால் மாறக்கூடும். 'ரேங்க்' என்று கேட்டால் இருவருக்கும் 3, அடுத்தவருக்கு 5. 'டென்ஸ்_ரேங்க்' என்றால் இருவருக்கும் 3, அடுத்தவருக்கு 4.

ஸ்காலர்ஷிப், பரிசு, அட்மிஷன் என்று எதற்குப் பட்டியல் எடுத்தாலும், சம மார்க் வாங்கியவர்களுக்கு என்ன முடிவு என்று முதலில் பொறுப்பில் இருப்பவரிடம் கேட்டுவிட்டு, அதற்கேற்ற கட்டளையைத் தேர்ந்தெடுங்கள். தப்பான எழுத்தைக் கம்ப்யூட்டர் காட்டிக்கொடுக்கும். விடுபட்ட பிள்ளையை நாம்தான் கவனிக்க வேண்டும்.