பெரிய பொலிப் என்றால் குடலையே வெட்ட வேண்டுமா?

மலத்தில் இரத்தம் கண்டால் நம்மவர்கள் முதலில் சொல்வது "மூலம்", அடுத்து "உடம்புச் சூடு". பெண்கள் பலர் அதையும் சொல்வதில்லை. பிறகு நோய் முற்றி, ஜும்ஆ முடிந்து பள்ளிவாசலில் உதவிப் பணம் சேர்க்கும் நிலை வருகிறது.

பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் பொலிப் எனும் சதை வளர்ச்சியிலிருந்தே தொடங்குகிறது. அது புற்றுநோயாகப் பல வருடங்கள் எடுக்கும். கொலனோஸ்கொபி கமராவில் காணும் சிறிய பொலிப்பைக் கம்பி வளையத்தால் அப்போதே எடுத்துவிடலாம். சிக்கல், 20 மில்லிமீற்றருக்கு மேல் தட்டையாகப் படர்ந்தவற்றில்தான். குடற்சுவர் மெல்லியது, துளை விழலாம். அதனால் முன்பு பலருக்குக் குடலில் ஒரு பகுதியையே வெட்டினார்கள்.

இன்று பொலிப்பின் அடியில் நிறமூட்டிய திரவத்தை ஊசியால் செலுத்தி, கொப்புளம் போல் உயர்த்தி, வளையத்தால் எடுக்கிறார்கள். பெரியவை துண்டு துண்டாக வரும். இது இஎம்ஆர். இஎஸ்டி என்பது ஜப்பானியர்கள் 1990களில் இரைப்பைப் புற்றுநோய்க்காக வளர்த்த முறை. நுண்ணிய மின்கத்தியால் ஒரே துண்டாக உரித்தெடுப்பார்கள். சில வேளை மணித்தியாலக் கணக்கில் பிடிக்கும். ஆனால் நோய் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பது ஆய்வுகூடத்தில் தெளிவாகத் தெரியும்.

வயிற்றில் வெட்டு இல்லை. மலப்பை வைத்தால் வுழூவும் தொழுகையும் என்னாவது என்பதே நம்மவர் பலரின் பயம். (அப்படிப்பட்டவருக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு, அது வேறு விடயம்.) வெற்றிகரமாக முடிந்தால் அந்தப் பயத்துக்கும் இடமில்லை.

ஆபத்தே இல்லை என்றும் சொல்ல முடியாது. இரத்தம் கசியலாம், துளை விழலாம். துண்டுகளாக எடுத்த இடத்தில் மீண்டும் முளைக்கலாம் என்பதால் ஆறு மாதமளவில் மறுபடி கமரா பார்க்க வேண்டும். "அல்ஹம்துலில்லாஹ், சுகமாகிவிட்டது" என்று இருந்துவிடக் கூடாது. ஆழமாக ஊடுருவிய புற்றுநோய்க்கு சத்திரசிகிச்சையே வழி.

இது கருவியை வாங்கி வைத்தால் வந்துவிடும் வேலையல்ல, கைப்பழக்கம். 2022 நெருக்கடிக்குப் பின் வைத்தியர்கள் பலர் நாட்டை விட்டுப் போனார்கள். ஒரு நிபுணர் போகும்போது அவரிடம் கற்க இருந்தவர்களின் பயிற்சியும் போகிறது என்பது ஆசிரியத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். பழக்கமில்லாதவர் முயன்று பாதியில் விட்டால் அந்த இடம் தழும்பாகி, அடுத்தவருக்குத் திரவத்தால் உயர்த்துவதே கடினமாகும்.

எனவே பெரிய பொலிப் என்று சொல்லப்பட்டால், கையொப்பமிடுமுன் வைத்தியரிடம் மரியாதையாகக் கேளுங்கள்: இது புற்றுநோய் என்று உறுதியா? கமரா வழியாகவே எடுக்கக்கூடிய ஒருவரிடம் எங்களை அனுப்ப முடியுமா? அது தூரத்து நகரமாக இருந்தாலும், பள்ளிவாசலில் சேர்க்கும் பணம் அந்தப் பயணத்துக்குப் போகட்டும்.