பட்டப்பகலில் எரியும் வீதி விளக்குகள்

பத்திரிகையில் பணியாற்றிய காலத்தில் நான் எத்தனையோ தடவைகள் அச்சுக்கு அனுப்பிய படம் ஒன்று உண்டு. நண்பகல் வெயிலில் எரிந்துகொண்டிருக்கும் வீதி விளக்கு, கீழே, "அதிகாரிகள் கவனிப்பார்களா?" என்று ஒரு வரி. அவர்கள் கவனிக்கவில்லை. சென்ற வாரம் எங்கள் சந்தியில் அதே காட்சியைக் கண்டு தொலைபேசியில் முறையிட்டேன். கம்பம்தான் எங்களுடையது, விளக்கு பிரதேச சபையினுடையது என்றார்கள் மின்சார அலுவலகத்தில். சபையிலோ ஏறித் திருத்த ஆளில்லை என்றார்கள். இருவருமே பொய் சொல்லவில்லை என்பதுதான் அவலம்.

நம் நாட்டின் வீதி விளக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு மின்மானி இல்லை. அவை எரிக்கும் மின்சாரம் உத்தேசமாகவே கணக்கிடப்படுகிறது. அளக்கப்படாத ஒன்றை அணைப்பதற்கு எவர் அவசரப்படுவார்?

கணக்கைப் பாருங்கள். 150 வாட் சோடியம் விளக்கு, அதன் துணைக்கருவியையும் சேர்த்தால் சுமார் 170 வாட் எடுக்கும். பூமத்திய ரேகைக்கு அண்மையிலுள்ள நமக்கு இரவு ஏறக்குறைய 12 மணிநேரம். ஆண்டுக்கு அண்ணளவாக 745 அலகுகள். அதனிடத்தில் 60 வாட் எல்.ஈ.டி. விளக்கைப் பொருத்தினால் 263 அலகுகள் போதும். நிலக்கரியில் ஓர் அலகு பெற ஏறத்தாழ ஒரு கிலோ காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது. ஆக, ஒரு விளக்கிலேயே ஆண்டுக்கு அரைத் தொன் அளவு மிச்சம். பகலிலும் எரியும் பழைய விளக்கோ இன்னுமொரு 745 அலகுகளை விழுங்குகிறது. இதைத் தடுக்கும் ஒளியுணர் ஆளி பெரிய விலைப் பொருளல்ல.

2022 மார்ச் 31 அன்று, 13 மணிநேர மின்வெட்டின் நடுவே, வீதி விளக்குகளை அணைக்கும்படி பணித்திருப்பதாக அன்றைய மின்சக்தி அமைச்சர் அறிவித்தார். நெருக்கடிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பகலில் எரிந்தவற்றுக்குக் கணக்குக் கேட்காதவர்கள், இரவில் எரிய வேண்டியவற்றை அணைத்தார்கள். மாலை வகுப்பு முடிந்து சைக்கிளில் திரும்பும் மாணவியும், ஆடைத் தொழிற்சாலையிலிருந்து வரும் பெண்ணும் இருட்டில் நடப்பதைச் சிக்கனம் என்று நான் ஏற்கமாட்டேன்.

சூரிய விளக்குகள் வந்தனவே என்பீர்கள். வந்தன, நன்கொடையாளர் பெயர்ப்பலகையோடு. மின்கலம் செத்த பின்னும் பலகை மட்டும் பளிச்சென்று நிற்கும் கம்பங்களை நான் கண்டிருக்கிறேன்.

2025 மே மாதம் தெரிவான சபை உறுப்பினர்களிடம் கேட்கிறேன்: உங்கள் எல்லைக்குள் எத்தனை விளக்குகள், ஒவ்வொன்றும் எத்தனை வாட்? பட்டியல் இல்லையெனில் முதலில் எண்ணுங்கள். பிறகு ஒவ்வொரு விளக்குத் தொடருக்கும் மின்மானி பூட்டச் செய்து, அதன் பட்டியலை உங்கள் சபையின் பெயருக்கே அனுப்பும்படி கேளுங்கள்.