அச்சிட்ட கிராமப் படம்: ஓர் அபிப்பிராயம்

தன் நிலத்தின் மேடு பள்ளத்தை அறிந்த குடியானவனுக்குப் படம் எதற்கு என்று வினவுவோர் பலர். ஒருவனுடைய வயலைப் பொறுத்தமட்டில் அவ்வார்த்தை உண்மையே. ஆயினும் வாய்க்கால் ஒருவன் வரப்போடு முடிந்துவிடுவதன்று. மதகு முதல் கடைமடை வரையில் தண்ணீர் எவ்வெவர் நிலத்தைக் கடக்கின்றது, வடிகால் எங்கே தூர்ந்துள்ளது, களர் எதுவரை பரவியுள்ளது என்பவற்றை ஊரார் பத்துப்பேர் ஒருங்கே கூடி ஆராய வேண்டுமாயின், மேஜைமீது விரித்துப் பென்சிலாற் குறிக்கத்தக்க படம் ஒன்று அவசியம். கைப்பேசியின் சிறு கண்ணாடி அதற்குப் போதாது. ஆதலின் ஒவ்வொரு கிராமத்திற்கும் நன்கு அச்சிட்ட படம் ஒன்று வேண்டும் என்பதும், பிழைபட்ட படத்தினும் படமில்லாமையே மேல் என்பதும் என் அபிப்பிராயம்.

1802-ஆம் வருஷத்தில் லாம்ப்டன் துரை சென்னைப் பரங்கிமலை அருகே சங்கிலியிட்டு அடிக்கோடு அளந்த காலத்தில், படம் வரைதல் பெரும் பொருட்செலவும் பல்லாண்டு உழைப்பும் வேண்டிய காரியமாயிருந்தது. இன்றோ கியூ. ஜி. ஐ. எஸ். என்னும் கம்ப்யூட்டர் மென்பொருள் விலையின்றியே யாவர்க்கும் கிடைக்கின்றது. 2002-ஆம் வருஷத்தில் கேரி ஷெர்மன் என்பவர் இதனைத் தொடங்கினார். சர்வே எண், வாய்க்கால், கிணறு, மண் வகை ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனி மெல்லிய தாளில் வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாற்போல இது காட்டும். பின்னர் அச்சுக்கென அமைந்த பக்கத்தில் அளவுகோல், குறிவிளக்கம், வடதிசைக் குறி முதலியவற்றை வைத்துத் தாளில் இறக்கலாம். இவ்வளவு எளிதாயிருப்பதே அபாயத்திற்கும் காரணம். அழகிய படத்தைக் கண்டவுடன் அது மெய்யென்று நம்பிவிடுகின்றோம்.

இதனை நான் என் பிழையினாலேயே கற்றேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு கிராமத்தில், கிணற்றிலிருந்து மேட்டு நிலத்திற்குக் குழாய் பதிக்க விரும்பிய விவசாயி ஒருவருக்குப் படம் அமைத்துக் கொடுத்தேன். ஏ3 தாளுக்கென 1:5000 அளவில் அதனைச் செய்து, அவ்வெண்ணை மட்டும் கீழே பொறித்திருந்தேன். அச்சிட்ட இடத்தில் ஏ3 தாள் இல்லாமையால் ஏ4 தாளுக்குச் சுருக்கி எடுத்துவிட்டனர். எண் மட்டும் 1:5000 என்றே நின்றது. அவர் படத்தில் 10 சென்டிமீட்டர் அளந்து, 500 மீட்டர் என்று கணக்கிட்டுக் குழாய் வாங்கினார். ஏ3 தாள் ஏ4 ஆகுங்கால் நீளம் யாவும் 0.707 பங்காகக் குறையும். ஆகவே உண்மைத் தூரம் 707 மீட்டர். பள்ளம் முழுதும் வெட்டியபின் 200 மீட்டருக்குமேல் குழாய் குறைந்தது. மேற்கொண்டு கடன் வாங்கிக் குழாய் வருவதற்குள் பட்டம் தவறிவிட்டது. அவர் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை; அதுவே எனக்குப் பெரிய தண்டனையாயிற்று.

எண்ணோடு கூடக் கோட்டு அளவுகோல் ஒன்றும் வரைந்திருப்பேனாயின் இந்நஷ்டம் நேர்ந்திராது. படம் சுருங்கினால் கோடும் உடன் சுருங்கும், எண் சுருங்காது. ஆகையால் கோட்டு அளவுகோல் இல்லாத படத்தை எவரும் அளவிற்குக் கொள்ளலாகாது. ஷை படத்தில் பரப்பை அளந்திருந்தால் பாதியே கிடைத்திருக்கும் என்பதையும் கவனிக்க.

இரண்டாவது, பூமியின் உருண்டையைத் தட்டையான தாளில் இறக்கும் கணக்கு முறை. நமது ராஜ்யத்தில் 78 பாகைத் தீர்க்கரேகைக்கு மேற்கிலுள்ள கோயம்புத்தூர், ஈரோடு, திருநெல்வேலி முதலிய இடங்களுக்கு யு. டி. எம். 43-ஆம் மண்டலமும், கிழக்கிலுள்ள திருச்சி, தஞ்சாவூர், சென்னை முதலியவற்றிற்கு 44-ஆம் மண்டலமும் பொருந்தும். அவ்வாறன்றி, இணையப் படங்கள் வழங்கும் வெப் மெர்க்கேட்டர் முறையிலேயே அச்சிட்டுவிட்டால், தாளின்மேல் அளக்கும் நீளம் நம் பக்கத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டு வீதம் மிகும். பரப்பு ஏக்கருக்குச் சுமார் நான்கு சென்டு மிகும். நான்கு சென்டுக்காக நியாயஸ்தலம் ஏறிய குடும்பங்களை நாம் அறியோமா?

மூன்றாவது, வானிலிருந்து எடுத்த படத்தை அடியில் வைக்கும் வழக்கம். சென்டினல்-2 செயற்கைக்கோளின் மிக நுண்ணிய படத்திலும் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர் சதுரம்; அதாவது ஏறக்குறைய இரண்டரை சென்டு. 1:5000 அளவில் அது தாளில் 2 மில்லிமீட்டர் கட்டமாகத் தோன்றும். அச்சு எத்துணை நுண்மையாயினும் இல்லாத வரப்பை அது காட்டாது. பயிர் பரவியிருக்கும் விதத்தை அறிய அப்படம் உதவும். எல்லையை அறிய உதவாது.

நிறமும் எழுத்தும் அற்பமானவை என்று எண்ணற்க. கிராமத்தில் படம் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை நகலாகவே கை மாறுகின்றது. அப்பொழுது சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். ஆதலின் களரைச் சாய்கோட்டாலும் நன்செயைப் புள்ளியாலும் வேறுபடுத்துவதே நலம். ஊர்ப் பெயர்கள் தமிழிலேயே இருத்தல் வேண்டும். கொம்பும் காலும் இடம் மாறாதிருக்க, எழுத்துக்களைக் கோட்டுருவாக்கி அச்சுக்கு அனுப்பும் வசதி ஷை மென்பொருளிலேயே உண்டு.

கிராம நிர்வாக அலுவலர்களுக்கு ஒரு வார்த்தை. திறந்த வெளியிலும் கைப்பேசி காட்டும் இடம் ஐந்து மீட்டர் அளவு பிசகக்கூடும். ஆகவே இத்தகைய படம் புலப்படத்திற்கும் சர்வேயர் அளவிற்கும் ஈடாகாது. இவ்வுண்மையைப் படத்திலேயே ஒரு வரியாக அச்சிடுக. எந்தத் தேதியின் நிலை என்பதையும் குறிப்பிடுக. உட்பிரிவுகள் வருஷந்தோறும் மாறுகின்றன. அன்றியும், முதற்பிரதியைக் கையிலேந்தி, நீர் பாய்ச்சும் பெரியவர் ஒருவருடன் வாய்க்கால் நெடுக நடந்து பிழை திருத்திய பின்னரே மறுபிரதிகளை எடுக்க வேண்டும்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். கொல்லையில் கண்டு எழுதிய ஏடாயின் விதைக்கவேனும் வழி காட்டும். உங்கள் ஊருக்குப் படம் வந்தால், அதை மாட்டுமுன் ஒரு காரியம் செய்யுங்கள்: தெரிந்த இரண்டு இடங்களுக்கு இடையே தரையில் நாடா பிடித்து அளந்து, கோட்டு அளவுகோலுடன் ஒப்பிடுங்கள். ஒத்தால் மாட்டுங்கள், ஒவ்வாவிடில், அதைச் செய்தவன் என்போன்ற உத்தியோகஸ்தனேயாயினும், தயங்காது திருப்பி அனுப்புங்கள்.