உப்புக் காற்றும் ஆறு கம்பியும்

கல்லடியில் மின்கிற்றார் வைத்திருப்பவருக்கு முதல் எதிரி பக்கத்து வீட்டுக்காரர் அல்லர், உப்பு. ஒரு பக்கம் கடல். மறுபக்கம் ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் மட்டக்களப்பு வாவி. நடுவில் உள்ள மணல் நிலத்தில் காற்று எந்தத் திசையிலிருந்து வந்தாலும் ஈரத்தையும் உப்பையும் கூட்டிக்கொண்டே வருகிறது. கொழும்பிலிருந்து ஆசையாக வாங்கி வந்து மாட்டிய புதுக் கம்பி, சில வாரங்களிலேயே விரலுக்குச் சொரசொரக்கத் தொடங்கிவிடும். துருப்பிடித்த கம்பியின் கனம் நீளம் முழுவதும் ஒரே சீராக இராது. அதனால் அழுத்தாமல் மீட்டும்போது சுருதி சரியாக இருக்கும், 12ஆம் ஃப்ரெட்டில் அழுத்திப் பார்த்தால் விலகி நிற்கும். டியூனரைத் திட்டிப் பயனில்லை.

கம்பியாவது மாற்றக்கூடியது. மரத்தை என்ன செய்வது? மாரி மாதங்களில் வாடைக்காற்றோடு மழை கொட்டும்போது மரம் ஈரத்தைக் குடித்து ஊதுகிறது, கழுத்தின் வளைவு மாறுகிறது, கம்பி ஃப்ரெட்டிலிருந்து நிற்கும் உயரமும் மாறுகிறது. பிறகு கச்சான் காற்று வீசும் வெக்கை மாதங்களில் அதே மரம் காய்ந்து சுருங்க, ஃப்ரெட்டுகளின் உலோக நுனி கழுத்தின் ஓரத்தில் துருத்திக்கொண்டு விரலைக் கீறும். கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ரொட் என்ற இரும்புக் கம்பியை ஆண்டுக்கு இரண்டு தடவையாவது கால் சுற்று முன்னும் பின்னும் திருப்பத் தெரிந்திருக்க வேண்டும். கால் சுற்றுக்கு மேல் ஒரே மூச்சில் திருப்பக் கூடாது. வாசித்து முடித்ததும் கம்பியை உலர்ந்த துணியால் துடைப்பதும், பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைப்பதும் காசு அதிகம் பிடிக்காத வேலைகள். ஆனால் பலரும் அதைச் செய்யாமல், “இந்தக் கிற்றார் சரியில்லை, இன்னொன்று எடுப்போம்” என்ற முடிவுக்குத்தான் வருகிறார்கள்.

அந்த ‘இன்னொன்று’ இலேசில் கிடைப்பதுமில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாய். மே மாதத்தில் 360 ரூபாய். 300 டொலர் பெறுமதியான தொடக்கநிலைக் கிற்றார் ஒன்று, கப்பற்கூலியும் வரியும் சேராமலே 60,000 ரூபாயிலிருந்து 108,000 ரூபாய்க்குத் தாவியது. அதே மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. அம்பிளிபயர் மூலையில் கிடக்க, மின்கிற்றாரை வெறும் மரமாக வைத்துத் தட்டிக்கொண்டிருந்த காலம் அது.

மின்சாரம் வந்தால் மட்டும் நிம்மதியா? ஒற்றைச் சுருள் பிக்அப் பொருத்திய கிற்றார், வீட்டு மின்கம்பிகளின் 50 ஹேர்ட்ஸ் ஓட்டத்தையும் பிடித்து அம்பிளிபயரில் இரைச்சலாகத் துப்பும். அந்த இரைச்சலுக்கும் ஒரு சுருதி உண்டு: தாழ்ந்த ‘ஜி’க்குச் சற்று மேலே. (60 ஹேர்ட்ஸ் மின்சாரம் ஓடும் அமெரிக்காவில் அது ‘பி’க்குச் சற்றுக் கீழே நிற்கும். இரைச்சலிலும் ஊருக்கு ஊர் சுருதி வேறு.) கிப்சன் நிறுவனத்தில் வேலை பார்த்த செத் லவர் 1955இல் இதற்கு மருந்து கண்டார். எதிரெதிர்த் திசையில் சுற்றிய இரண்டு சுருள்களுக்கு எதிரெதிர்க் காந்த முனைகளை வைத்தால், இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கம்பியின் ஒலி மட்டும் கூடும். ஹம்பக்கர் என்று கடைக்காரர்கள் சொல்வது இதைத்தான்.

கருவி சேர்க்கும் ஆசை உலகம் முழுவதும் உள்ளதுதான். ஸ்டீலி டான் குழுவின் வால்ட்டர் பெக்கர் 1990களில் அதை ஒரு வியாதியாகவே வர்ணித்துக் கேலிக் கட்டுரை எழுதினார். 2019 ஜூனில் பிங்க் ஃபிளாய்ட் குழுவின் டேவிட் கில்மோர் தம்மிடமிருந்த 120க்கும் மேற்பட்ட கிற்றார்களை நியூயோர்க்கில் ஏலத்தில் விட்டார். கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஒன்று மட்டும் 39 இலட்சத்து 75 ஆயிரம் டொலருக்குப் போனது. மொத்த வசூலான 2 கோடியே 15 இலட்சம் டொலரையும் காலநிலை மாற்றத்துக்கு எதிராக இயங்கும் அமைப்பு ஒன்றுக்குக் கொடுத்துவிட்டார். ஈரப்பதம் அளந்து வைக்கும் அறையும் காப்புறுதியும் உள்ளவர்களின் விளையாட்டு அது. வாவிக்கரையில் பத்துக் கிற்றார் வைத்திருப்பவர், பத்து நோயாளிகளுக்கு ஒற்றை வைத்தியர் மாதிரி; ஒருவருக்கும் முழுதாகக் குணமாகாது.

கம்பிக் கருவிமேல் பைத்தியம் கொள்வது இந்த மண்ணுக்குப் புதிது என்று யாரும் நினைக்க வேண்டாம். காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலானந்தரை விடப் பெரிய கருவிப் பித்தர் ஒருவரை இந்தப் பக்கத்தில் காட்ட முடியுமா? இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. வழக்கொழிந்து போன யாழை ஏட்டிலிருந்தும் கணக்கிலிருந்தும் மீட்டெடுக்கப் பல ஆண்டு உழைத்தார். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் யாழாசிரியனின் இலக்கணம் சொல்லும் 25 அடிகளைப் பற்றிக்கொண்டு அவர் எழுதிய ‘யாழ் நூல்’, கரந்தைத் தமிழ்ச் சங்க வெளியீடாக 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். உடல் கல்லடி உப்போடையில், அவர் வளர்த்த சிவானந்த வித்தியாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டது.

பேரியாழுக்கு 21 நரம்பு, மகர யாழுக்கு 19, சகோட யாழுக்கு 14, செங்கோட்டி யாழுக்கு 7 என்று பழைய உரைகாரர்கள் கணக்குச் சொல்கிறார்கள். ஆறு கம்பியா, ஏழு கம்பியா, பன்னிரண்டா என்று இன்றைய பையன்கள் சண்டை பிடிப்பதைப் பார்த்தால் சிலப்பதிகார உரைகாரர் அடியார்க்குநல்லார் சிரித்திருப்பார். ஆனால் விபுலானந்தர் எண்ணிக்கையோடு நிற்கவில்லை. சுருதிகளின் அலைவெண் விகிதங்களைப் பின்னங்களாகக் கணக்கிட்டு, எந்த நரம்பு எந்த நரம்போடு எந்த உறவில் நிற்க வேண்டும் என்று தேடினார். கிற்றார்காரருக்கு வேண்டியதும் அந்தத் தேடல்தான்.

கிற்றாரின் ஆறு கம்பிகள் ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. அடுத்தடுத்த கம்பிகள் ச–ம உறவில் நிற்கும். ஜிக்கும் பிக்கும் இடையில் மட்டும் அது ச–அந்தர காந்தாரம். தொல்லை அங்கேதான். காதுக்கு இனிய காந்தாரம் 5க்கு 4 என்ற விகிதம். ஜி 196 ஹேர்ட்ஸ் என்றால் பி 245 ஆக வேண்டும். டியூனரோ ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டி, 246.94இல்தான் பச்சை விளக்கைக் காட்டும். காதை நம்பி 245க்கு இறக்கினால் ஜி கோர்ட் தேனாய் இனிக்கும், அடுத்த நிமிடம் ஈ கோர்ட்டில் அதே பி கம்பி சுருதி இறங்கி அழும். இது கருவியின் குற்றமுமில்லை, விலையின் குற்றமுமில்லை. ஐயாயிரம் டொலர் கிப்சனும் இதையே செய்யும். ஃப்ரெட் பதித்த கருவியில் எல்லாக் கோர்ட்டுக்கும் ஒரே நேரத்தில் சுத்த சுருதி கிடையாது என்பதை ஏற்றுக்கொண்டவருக்கு, ‘நல்ல கிற்றார் கிடைத்தால் சரியாகிவிடும்’ என்ற எண்ணத்தில் பாதி அன்றே போய்விடும்.

மரத்தில் காதை வைத்துக் கேட்கும் வழியும் இந்த வாவிக்குப் புதிதல்ல. 1848 செப்டம்பரில் மட்டக்களப்புக்கு வந்த பிரித்தானிய அதிகாரி சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், பாடும் மீனின் ஓசையைக் கேட்க இரவில் வாவியில் தோணி விட்டதை 1859இல் வெளிவந்த தமது நூலில் விவரிக்கிறார். அங்கிருந்த மீனவர்கள் அதை ஊரி என்னும் சிப்பியின் ஓசை என்றார்கள். டெனன்ட் தோணியின் மரத்தில் காதை வைத்தபோது ஓசை பலமடங்கு பெருகிக் கேட்டதாம். மின்சாரம் இல்லாத நேரத்தில் கிற்றார்காரர்கள் செய்வதும் இதுவே: உடலின் கொம்புப் பகுதியில் காதையோ தாடையையோ அழுத்திக்கொண்டு முறுக்காணியைத் திருப்பினால், எந்தச் சந்தடியிலும் கம்பி தெளிவாகக் கேட்கும். தலைப்பகுதியில் கவ்வ வைக்கும் சிறு டியூனரும் காற்றில் வரும் ஒலியைக் கேட்பதில்லை, மரத்தின் அதிர்வைத்தான் அளக்கிறது. அதனால் மேடையில் மேளம் முழங்கினாலும் அதற்குக் கவலையில்லை.

மட்டக்களப்பில் கிற்றார் கதை ரொக் இசையிலிருந்து தொடங்கவுமில்லை. போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். 1638இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். ஆட்சி போய்விட்டது, போர்த்துக்கேயக் கிரியோல் பேசும் பறங்கியர் குடும்பங்கள் இருந்துவிட்டன. அவர்களின் கலியாண வீடுகளில் வயலினும் கிற்றாரும் கைமேளமும் சேர, 6/8 தாளத்தில் கப்ரிஞ்ஞா ஆடப்பட்டது. பைலாவின் ஊற்று அதுவே. 1960களில் கிளாரன்ஸ் விஜேவர்தன சிங்களப் பாட்டுக்குள் மின்கிற்றாரைக் கொண்டு வந்ததும், நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் தமிழில் துள்ளிசை பாடியதும் அந்தத் தாளம் ஏற்கெனவே பழகியிருந்த காதுகளுக்குத்தான். ஹியூ நெவில் 19ஆம் நூற்றாண்டில் திரட்டிய இலங்கைப் போர்த்துக்கேயப் பாடல்களின் கைப்பிரதி இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. லிஸ்பன் பல்கலைக்கழக மொழியியலாளர் ஹூகோ கார்டோசோவின் குழு அண்மைக் காலத்தில் பறங்கியர் சமூகத்தின் பேச்சையும் பாட்டையும் ஒளிப்பதிவு செய்தது. 2004 சுனாமி டச்பார் பறங்கியர் குடியிருப்பை அழித்துப்போட்டது. தாளம் தெரிந்த கைகளும் குறைந்துகொண்டே வருகின்றன.

லிஸ்பனிலிருந்து ஆள் வந்து கேட்டுப் பதிந்ததை, இரண்டு தெரு தள்ளி வாழும் நம் கிற்றார் இளைஞர்கள் கேட்டிருக்கிறார்களா? அடுத்த பெடலுக்கு எடுத்து வைத்த பணத்தில் இரண்டு செட் கம்பி வாங்குங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பறங்கியர் வீடுகள் பக்கம் போய், வயலின் பிடிக்கும் பெரியவர் ஒருவரிடம் கப்ரிஞ்ஞாவுக்கு வலது கையை எப்படி விட வேண்டும் என்று கேளுங்கள். அவர் சம்மதித்தால் கைப்பேசியில் பதிந்து, ஒரு பிரதியை அவர் வீட்டிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.