கீழ்ப்படியாதே எண்டு எழுதிக் குடுத்தது ஆர்?

'சைலன்ற் மெஜோரிட்டி', கெயாகிசாக்கா46 என்ற யப்பானியப் பெண்கள் குழுவின் முதல் சிங்கிள். 2016 ஏப்ரல் 6இல் வெளிவந்தது. அதின்ர வீடியோவை முதன்முதல் பார்க்கேக்க என்னைப் பிடிச்சு இருத்தினது ஒரே விசயம்தான்: ஒருத்தியும் சிரிக்கேல்லை. ஐடல் எண்டால் சிரிச்சுக்கொண்டு நிக்கவேணும் என்பது அங்க எழுதாத சட்டம். இவையோ இராணுவச் சீருடை மாதிரி உடுப்போட, ஷிபுயாவில ஒரு கட்டட வேலைத்தளத்தில நிண்டு எங்களை முறைச்சுப் பார்க்கினம். நடுவில நிண்ட யுரினா ஹிராத்தேக்கு அப்ப வயசு 14.

தலைப்பும் சும்மா வந்ததில்லை. வியட்நாம் போரை எதிர்த்து மக்கள் வீதிக்கு இறங்கின காலத்தில, 1969 நவம்பரில், பேசாமல் இருக்கிற பெரும்பான்மையிடம் ஆதரவு கேட்டு அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் பிரபலமாக்கின சொல் அது. பாட்டு அதைத் திருப்பிப் போடுது: நீ பேசாமல் இருந்தால் உன்ர மௌனத்தை இன்னொருத்தர் சம்மதம் எண்டு கணக்கெழுதுவார். பாட்டு வந்து இரண்டு மாதத்தில் யப்பானில் வாக்களிக்கும் வயது 20இலிருந்து 18 ஆகக் குறைஞ்சது. இளம் ஆக்களுக்கு அது சரியான நேரத்தில வந்த பாட்டு.

ஆனால் வரிகளை எழுதினது அந்தப் பிள்ளைகள் இல்லை. தயாரிப்பாளர் யசுஷி அகிமோட்டோ. அப்ப அவருக்கு 57 வயசு. ஒரே சிங்கிளை நாலு விதமான சீடியா வித்து, ரசிகர்கள் கைகுலுக்கிற நிகழ்ச்சியையும் அதோட சேர்த்து நடத்தின வியாபாரமும் அதுக்குப் பின்னால இருக்கு. அவரின்ர இன்னொரு குழுவான ஏகேபி48இல், 2013இல் ஒரு பெண் காதலன் வீட்டில தங்கினது வெளிய வந்ததும், தலையை மொட்டையடிச்சு அழுதழுது மன்னிப்புக் கேட்டா. அப்பிடியான ஒரு துறைதான் 'சொன்னதைக் கேளாதை' எண்டு பாட்டுப் போடுது.

"அப்ப இது வெறும் வியாபாரம், விட்டிட்டுப் போ" எண்டு நீங்கள் சொல்லலாம். எனக்கு அந்தப் பதில் காணாது. அறைக்குள்ள தனிய இருந்து இதைக் கேட்கிற ஒரு பிள்ளைக்கு, எழுதினவரின்ர அனுமதி தேவையில்லை. கேட்டு முடிய, அவள் உண்மையாவே கீழ்ப்படியாமல் விடலாம். பாடுற பிள்ளைக்குத்தான் அந்த வழி இல்லை. நாளைக்கும் அதே வரியை, சொன்ன இடத்தில நிண்டு, சொன்ன மாதிரிப் பாடவேணும்.

2020 ஜனவரியில் ஹிராத்தே குழுவை விட்டுப் போனா. அதே வருசம் குழுவின் பெயரும் மாறிச்சு.

எனக்கு இப்பவும் இந்தப் பாட்டு விருப்பம். ஆனால் கேட்கிற ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வி வருது: நடுவில நிண்ட அந்த 14 வயசுப் பிள்ளை தானா என்ன சொல்ல விரும்பியிருப்பாள்? அதை ஆரும் கேட்டவையோ?