பாலிஷ் காத்திருக்கட்டும்

டென்மார்க்கின் கடல்சார் வணிக உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில் ஒரு விசித்திரமான வழக்கில் தடை உத்தரவு போட்டது. கான்ஸ்கே என்ற கைக்கடிகார நிறுவனத்தை நடத்திய இருவர், கோபன்ஹேகன் ஓவியர் தால் ஆர் வரைந்த ‘பாரிஸ் ஷிக்’ என்ற ஓவியத்தை லண்டன் கேலரி ஒன்றில் 70,000 பவுண்டு கொடுத்து வாங்கினார்கள். சுவரில் மாட்டுவதற்கு அல்ல. துண்டு துண்டாக வெட்டி, விலை உயர்ந்த கடிகாரங்களுக்கு டயலாக வைத்து விற்பதற்கு. ஓவியர் நீதிமன்றம் போனார். காசு கொடுத்து வாங்கியவர் தன் ஓவியத்தை அழித்துவிடலாம், ஆனால் உருமாற்றி மறுபடி சந்தைக்குக் கொண்டுவரக் கூடாது என்ற வாதம் அங்கே வென்றது. கத்தி இறங்காமல் ஓவியம் தப்பியது. ஆனால் அந்த டயலைச் சுமக்கவிருந்த உலோகக் கூட்டுக்கு, அதாவது கேஸுக்கு, இப்படிப்பட்ட பாதுகாப்பு எதுவும் கிடையாது. ஐம்பது, அறுபது வருடம் பழைய ரோலக்ஸோ ஒமேகாவோ சர்வீஸுக்குப் போனால், உரிமையாளர் ஒரு வார்த்தை சொல்லாமலேயே அதன் கேஸ் பாலிஷ் சக்கரத்துக்குப் போய்விட வாய்ப்பு உண்டு. பெரிய நிறுவனங்களின் சர்வீஸ் மையங்களில் பாலிஷ் என்பது சாப்பாட்டோடு வரும் அப்பளம் மாதிரி, கேட்காமலே வருவது. அதை முதலில் இலையிலிருந்து எடுத்துவைக்க வேண்டும் என்பதே என் கட்சி. பழைய கடிகாரத்தைப் பொறுத்தவரை சர்வீஸ் ஒரு கேள்வி, பாலிஷ் வேறு கேள்வி. முதல் கேள்விக்குத் தாமதிக்காமல் ‘ஆம்’. இரண்டாவதற்கு, தக்க காரணம் இல்லாதவரை ‘வேண்டாம்’.

இரண்டையும் ஒரே ரசீதில் எழுதுவதால்தான் குழப்பம். உள்ளே இருக்கும் இயந்திரம் காத்திருக்காது. எண்ணெய் காய்ந்து அழுக்கோடு சேர்ந்து பசையாகும். சக்கரங்களின் அச்சு முனைகள் தேயும். நீர் புகாமல் காக்கும் ரப்பர் வளையம் இறுகிப் பிளக்கும். ஐந்து முதல் பத்து ஆண்டுக்கு ஒருமுறை பிரித்துப் பார்க்கச் சொல்வது வெறும் வியாபாரத் தந்திரம் அல்ல. கோபன்ஹேகன் நகர மண்டபத்தில் யென்ஸ் ஓல்சனின் உலகக் கடிகாரம் இருக்கிறது. ஓல்சன் 1945-இல் இறந்து பத்தாண்டு கழித்து, 1955 டிசம்பர் 15 அன்று அரசர் ஒன்பதாம் ஃபிரெடரிக் அதை ஓடவிட்டார். 14,000-க்கும் மேற்பட்ட பாகங்கள். அதில் மிக மெதுவாக நகரும் சக்கரம் ஒரு சுற்றை முடிக்க 25,753 ஆண்டுகள் ஆகும். கண்ணாடிக் கூண்டுக்குள் பத்திரமாக இருந்த அந்த மகா யந்திரத்தையே நாற்பது ஆண்டுக்குள், 1995-இல், முழுக்கப் பிரிக்க வேண்டி வந்தது. மராமத்து முடிய 1997 ஆனது. ஓடுகிற எதுவும் தேயும். சர்வீஸைத் தள்ளிப்போட்டால் இழப்பு கூடும். கேஸின் மேல் இருக்கும் கீறலோ அப்படி இல்லை. அது வளர்வதில்லை, பரவுவதில்லை, நேரத்தைப் பின்னுக்கு இழுப்பதில்லை. இந்த வருடம் பாலிஷ் போடாவிட்டால் அடுத்த சர்வீஸில் போடலாம். உங்கள் மகளும் போடலாம். போட்டதைத் திரும்பப் பெறத்தான் முடியாது. என் வாதத்தின் முதுகெலும்பு இவ்வளவுதான். தள்ளிப்போடுவதில் நட்டமில்லாத, செய்துவிட்டால் திரும்பாத ஒரு வேலையை, அவசரமான இன்னொரு வேலையோடு ஒட்டவைத்து விற்பது தவறு.

பாலிஷ் என்றால் ஏதோ பூசுவது, துடைப்பது என்ற எண்ணம் பலருக்கு. உண்மையில் அது அரிப்பது. கீறல் என்பது பள்ளம். பள்ளத்தை மறைக்க, அதைச் சுற்றியுள்ள உலோகத்தையெல்லாம் பள்ளத்தின் அடிமட்டம் வரைக்கும் இறக்க வேண்டும். ஆழமான ஒரே ஒரு கீறல் முழுப் பக்கத்தின் தலையெழுத்தையும் தீர்மானித்துவிடும். வேலை நடப்பதோ வேகமாகச் சுழலும் துணிச் சக்கரத்தில். துணி வளைந்து கொடுக்கும். தட்டையான பரப்பில் மெதுவாகவும், விளிம்பிலும் துளைகளின் வாயிலும் வேகமாகவும் தின்னும். தேர்ந்த கைக்காரர் தட்டையான கடினத் தகட்டில் வைத்து, மறைக்க வேண்டிய பகுதியை மறைத்து, கோடு கோடாக மங்கலாக்கப்பட்ட பரப்பை அதே திசைக் கோடுகளோடு மீட்பார். அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள்; அவர்களுக்கு மரியாதை. ஆனாலும் உலோகம் போனது போனதுதான். ஒரு தடவையில் கண்ணுக்குத் தெரியாது. 1965-இல் வாங்கிய கடிகாரத்தை ஏழு வருடத்துக்கு ஒருமுறை சர்வீஸுக்குக் கொடுத்திருந்தால் இன்றைக்கு எட்டு தடவை ஆகியிருக்கும். எட்டு தடவையும் சக்கரம் பார்த்த கேஸின் கால்கள், அதாவது பட்டையைப் பிடித்துக்கொள்ளும் அந்த நான்கு கொம்புகள், மெலிந்து, உருண்டு, சப்பிப் போட்ட மிட்டாயின் உருவத்துக்கு வந்திருக்கும்.

இழப்பு வடிவத்தில் மட்டும் இல்லை. கடிகாரக் கேஸின் அழகு பளபளப்பில் இருக்கிறது என்பதே தவறான எண்ணம். அது பளபளப்பான பரப்பும் மங்கலான பரப்பும் சந்திக்கும் கோட்டில் இருக்கிறது. 1972-இல் ஜெரால்ட் ஜென்டா வடிவமைத்த ராயல் ஓக் கடிகாரத்தை எஃகில் செய்து, தங்கக் கடிகாரத்தின் விலை சொன்னார்கள். எதை நம்பி? அந்த எண்கோண வளையத்தின் விளிம்பு வேலையை நம்பி. அந்தக் கோடு மழுங்கிவிட்டால் மிச்சம் இருப்பது விலை குறைந்த ஓர் உலோகம். தங்கக் கேஸ்களில் தரமுத்திரை பல நேரம் அந்தக் கொம்புகளின் மேலோ அடியிலோதான் குத்தப்பட்டிருக்கும். முதலில் தேய்வதும் அவைதான். பழைய டேனிஷ் வெள்ளிச் சாமான் வாங்குகிறவர்கள் முதலில் தேடுவது மூன்று கோபுரம் பொறித்த கோபன்ஹேகன் முத்திரையை. அது மங்கியிருந்தால் பொருளின் சாட்சியே மங்கிவிட்டது என்று அவர்களுக்குத் தெரியும். 25 ஆண்டு, 40 ஆண்டு பணி முடித்தவருக்குப் பெயரும் தேதியும் பொறித்துக் கொடுத்த கடிகாரங்கள் பல வீடுகளில் இருக்கின்றன. பின்மூடியில் உள்ள அந்த எழுத்து ஆழமற்றது. இரண்டு மூன்று பாலிஷில் பெயர் நிழலாகிவிடும். தங்கமுலாம் கேஸ் என்றால் கதை இன்னும் சுருக்கம். முலாமின் கனம் பத்து, இருபது மைக்ரான். சக்கரம் அதைத் தாண்டினால் அடியில் உள்ள பித்தளை சிரிக்கும்.

‘என் கடிகாரம், என் கை, எனக்குப் பளபளப்பாகத்தான் வேண்டும்’ என்பது முதல் மறுப்பு. சட்டப்படி இதற்குப் பதில் கிடையாது. தால் ஆர் வழக்கை இங்கே இழுக்கவும் முடியாது. அங்கே உயிரோடு இருக்கும் ஓவியரின் உரிமை பேசியது. பாலிஷ் போட்டால் எந்த ஸ்விஸ் தொழிலாளியும் நீதிமன்றம் போகப்போவதில்லை. ஆனால் அந்த வழக்கு எடுத்துக்காட்டிய வேறுபாடு நமக்கும் பயன்படும்: உருமாற்றிய பொருள் தொடர்ந்து பழைய பெயரிலேயே உலவுகிறது. ஆறு முறை தேய்த்த கேஸும் அதே மாடல் எண்ணோடு, அதே தயாரிப்பாளர் பெயரோடுதான் அடுத்த கைக்குப் போகும். வாங்குபவர் பார்ப்பது வடிவமைத்தவரின் கோட்டை அல்ல, கடைசியாகத் தேய்த்தவரின் கோட்டை. உரிமையாளர் தன் விருப்பப்படி பாலிஷ் போட்டுக்கொள்ளட்டும். விற்கும்போது அதைச் சொல்லட்டும். நான் எதிர்ப்பது அவருடைய உரிமையை அல்ல, அவரைக் கேட்காமலே அவர் சார்பில் எடுக்கப்படும் முடிவை.

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் கனமானது. செய்தவரே பளபளப்பாகத்தானே செய்தார்? அந்த நிலைக்குக் கொண்டுபோவதுதானே அவருக்குச் செய்யும் மரியாதை? தயாரித்த நிறுவனமே பாலிஷ் போடும்போது நீங்கள் யார் சொல்ல? தமிழ்நாட்டுக் கோயில்களில் குடமுழுக்குத் திருப்பணியின்போது கருங்கல் சுவர்களை மணல் வீச்சால் சுத்தம் செய்தவர்களும் இதைத்தான் சொன்னார்கள்: கல் செதுக்கிய நாளில் இருந்த நிறம் வந்துவிடும் என்று. நிறம் வந்தது. கல்வெட்டு எழுத்தும் சிற்பத்தின் முகவெட்டும் மழுங்கின. பிறகு அந்த முறைக்கே தடை போட வேண்டியதாயிற்று. புதிதாக இருந்ததுபோல் தோன்றுவதும், புதிதாக இருந்த பரப்பு மிச்சமிருப்பதும் ஒன்றல்ல. செய்தவருக்கு மரியாதை என்றால் அவர் வைத்த விளிம்பு மிச்சமிருக்க வேண்டும். பளபளப்பை எந்தச் சக்கரமும் தரும். நிறுவனத்தின் சர்வீஸ் மையம் பாலிஷ் போடுவதற்குக் காரணம் தத்துவம் அல்ல. புதிதுபோல் திரும்பி வந்த கடிகாரத்தைப் பார்த்தால்தான் பெரும்பாலான வாடிக்கையாளருக்குக் கொடுத்த காசு செரிக்கும். எண்ணெய் மாற்றியது கண்ணுக்குத் தெரியாதே.

மூன்றாவது, லேசர் வெல்டிங். போன உலோகத்தை நுண்ணிய அளவில் திரும்ப நிரப்பி, மறுபடி கூராக வெட்டிவிடலாம் என்கிறார்கள். நல்ல கையில் இது அசத்தும் வேலைதான்; மறுக்கவில்லை. ஆனால் எந்த அளவுக்கு, எந்தக் கோணத்துக்கு வெட்டுவது? படங்களையும் வேறு கடிகாரங்களையும் பார்த்து ஊகித்துத்தான். ஊகத்தின் எல்லைக்கு ஓர் உதாரணம் உண்டு. 1802 மே மாதம் கோபன்ஹேகன் அரச சேகரத்திலிருந்து காலேஹுஸ் தங்கக் கொம்புகள் திருடு போயின. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. தென் ஜட்லாந்தில் 1639-இலும் 1734-இலும் கிடைத்தவை. திருடிய நீல்ஸ் ஹைடன்ரைக் பொற்கொல்லர், கடிகாரத் தொழிலாளியும்கூட. உலோகத்தின் விலை தெரிந்த மனிதர், இரண்டையும் உருக்கிவிட்டார். இன்று பார்க்கக் கிடைப்பவை பழைய வரைபடங்களை வைத்துச் செய்த நகல்கள். நகல்கள் மின்னுகின்றன. ஆனால் வரைந்தவரின் கண் எதைத் தவறவிட்டதோ அதை இனி யாராலும் திருத்த முடியாது. லேசர் நிரப்பிய கொம்பும் இப்படித்தான்: நன்றாகச் செய்த ஊகம். ஏற்கெனவே சிதைந்துவிட்ட கேஸுக்கு அது நல்ல மருந்து. ஆரோக்கியமான கேஸைத் தேய்ப்பதற்கு முன்ஜாமீன் அல்ல.

பாலிஷ் வேண்டாம் என்பவர்கள் வழக்கமாகக் கையில் எடுப்பது விலையை. 2019 டிசம்பரில் நியூயார்க் ஏலத்தில் மார்லன் பிராண்டோவின் ரோலக்ஸ் சுமார் 19.5 லட்சம் டாலருக்குப் போனது. வெளிவளையமே இல்லாத, பின்மூடியில் அவரே தன் பெயரைக் கிறுக்கிய கடிகாரம். இந்த உதாரணத்தை நான் நம்புவதில்லை. விலை போனது பிராண்டோ. நம் கீறலுக்கு அந்த மதிப்பு வராது. ‘பாலிஷ் காணாதது’ என்ற அடைமொழி இன்று வியாபாரிகளின் வாயில் மந்திரமாகிவிட்டது. அறுபது வருடக் கடிகாரம் ஒருமுறைகூடச் சக்கரம் பார்த்ததில்லை என்று யாராலும் நிரூபிக்க முடியாது. அழுக்கைப் பழமை என்று கும்பிடுவதும் அசட்டுத்தனம். வியர்வையும் தூசியும் சேர்ந்த பிசுக்கைக் கழுவுவது பாலிஷ் அல்ல. அதைச் செய்யத்தான் வேண்டும். பிளாஸ்டிக் கண்ணாடியை எத்தனை முறை வேண்டுமானாலும் தேய்க்கலாம். தேய்ந்தால் வேறு போடலாம். சட்டைக் கையைக் கிழிக்கும் பிசிர் இருந்தால் அந்த இடத்தை மட்டும் நீவலாம். ரப்பர் வளையம் உட்காரும் இடத்தில் அரிப்பு விழுந்து நீர் புகுந்தால், அங்கே உலோகத்தைத் தொட்டே ஆக வேண்டும். இயந்திரத்தைக் காக்க அது தேவை. முன்பே கண்டபடி உருட்டித் தேய்க்கப்பட்ட கேஸை ஒரு தேர்ந்தவர் பொறுமையாக ஒழுங்கு செய்வதிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. பத்து வருடத்துக்குள் வாங்கிய, இன்றும் உதிரிப்பாகம் கிடைக்கிற கடிகாரத்துக்கு இந்த விவாதமே அதிகப்படி.

எனவே பழைய கடிகாரம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கொடுக்கும் முன் கேஸை நாலு பக்கமும், பின்மூடியையும், கொம்புகளுக்கு இடையிலும் வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ‘கேஸ், பின்மூடி, சங்கிலிப் பட்டை பாலிஷ் வேண்டாம், டயலையும் முள்ளையும் மாற்ற வேண்டாம், மாற்றும் பாகங்களைத் திரும்பத் தரவும்’ என்று வாயால் சொல்வதோடு நிற்காமல், ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் கடிகாரத்தைக் கொடுக்காதீர்கள்.